பத்துக் கோடிக்கு அரை மைல்

கட்டப்போகும் நெடுஞ்சாலைப் பேருந்து நிலையத்தின் செலவு மதிப்பீடு இருபது கோடி டாலரிலிருந்து இருபத்திரண்டு கோடியாக ஏறிய வாரத்தில், வெர்லின் ஆஸ்கார்டின் வீடு கிழக்கே ஐந்நூற்று இருபத்தெட்டு அடி தள்ளிப் போனது. நாற்பது வருடம் மாவட்டச் சாலைத் துறையில் நில அளவையாளராக இருந்தவர் என்பதால் கணக்கு இவ்வளவு துல்லியமாகக் கிடைத்திருக்கிறது. வேறு யார் வீடாவது போயிருந்தால் ‘கொஞ்சம் தூரம்’ என்பதோடு நின்றிருக்கும். அது தெருவின் கடைசி வீடு. அதற்கும் லூசில் ட்வெய்ட்டின் வீட்டுக்கும் நடுவே நேற்றுவரை இருந்தது ஒரு வேலி. அன்று காலை அந்த இடத்தில் இடுப்பளவு புல்லும், முள்பழப் புதரும், பல வருடங்களாக அங்கேயே குடியிருப்பது போன்ற முகபாவத்துடன் மூன்று மான்களும் இருந்தன. லூசில் காபி போடும்போது சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் பார்க்காமல் அந்தத் தெருவில் அணில்கூட வாலை ஆட்டியதில்லை.

ஏரிக்குக் கிழக்கே, சியாட்டிலைப் பார்த்த அந்தச் சிற்றூரில் அடுத்தவர் வீட்டு விஷயத்தை முகத்துக்கு நேரே பேசுவது அநாகரிகம். எனவே, உருட்டும் அளவுச் சக்கரத்துடன் வெர்லின் தூறலில் நனைந்தபடி வந்தபோது, லூசில் தபால் பெட்டியைத் திறப்பதுபோல் நின்றுகொண்டாள்.

“நேத்து மேகம் விலகி மலை தெரிஞ்சுச்சே, பாத்தீங்களா வெர்லின்?”

“பாத்தேன்.”

“நடுவுல புல்லு கொஞ்சம் வளந்த மாதிரி இருக்கு.”

“ஐந்நூத்தி இருபத்தெட்டு அடி வளந்திருக்கு.”

“ஓ, நல்லதாப் போச்சு. காத்தோட்டமா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு லூசில் உள்ளே போய் ஐந்து வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

வெர்லினுக்குக் காற்றோட்டம் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது முப்பத்தெட்டாம் எண் பேருந்து. கிழக்கே மூன்று மைல் தள்ளி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் இல்லத்தில் அவர் மனைவி மாக்சின் இருந்தாள். நினைவு ஒவ்வொரு தையலாகப் பிரிந்துகொண்டிருந்தது அவளுக்கு. தினமும் பத்து மணிக்குத் தெருமுனையில் ஏறி, இருபது நிமிடத்தில் இறங்கி, அந்தப் பக்கத்தார் எல்லோரையும்போல இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு ‘நன்றி’ சொல்லி, அவர் அவளிடம் போய்க்கொண்டிருந்தார். அப்போது போக்குவரத்து வாரியம் ஒரு பெரிய கனவு கண்டது. நெடுஞ்சாலையின் நட்டநடுவே, மூன்று அடுக்குப் பாலத்துக்குக் கீழே, நாளொன்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறப்போகும் நிலையம். அந்தக் கனவுக்குப் பணம் ஒதுக்க, சின்னச் சின்ன வழித்தடங்களை நிறுத்தினார்கள். முப்பத்தெட்டு நின்றது. வெர்லினின் பார்வையின் நடுப்பகுதி மங்கி, ஓட்டுநர் உரிமமும் அதே வருடம் போனது. பள்ளத்தாக்குச் சாலையில் நடைபாதை கிடையாது. நடப்பதற்கு அவர் இடுப்பும் ஒத்துழைக்கவில்லை.

வாடகைக் கார் அழைத்தார். வீடு போன பிறகு, அந்தக் கார் பழைய முகவரியில், மான்களுக்கு முன்னால், ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனது. தெருவில் எல்லோரும் “எங்க போகணும்னாலும் சொல்லுங்க, கூட்டிட்டுப் போறோம்” என்று மனதாரச் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊரில் உதவி என்பது கேட்காதவரைக்கும் திறந்திருக்கும் கதவு. கேட்பவர் தொந்தரவு கொடுக்கிறார். கேட்காதவரை வற்புறுத்துபவர் மூக்கை நுழைக்கிறார். வெர்லின் கேட்கவில்லை, அவர்களும் வரவில்லை. இரு தரப்பும் மிகுந்த மரியாதையுடன் எட்டு வருடத்தைக் கழித்தன.

எனவே அவர் வாரியத்தைக் கேட்டார். மாதத்தின் நான்காம் வியாழன், பொதுமக்கள் கருத்து நேரம், ஆளுக்கு இரண்டு நிமிடம், தொலைபேசி வழியாகவும் பேசலாம். வெர்லின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, முன்வாசலிலிருந்து மேற்கே நிலையம் வரப்போகும் இடம்வரை அன்றைய தூரத்தை முதலில் படிப்பார். பிறகு திட்டத்தைத் திட்டுவார். மதிப்பீடு முப்பது கோடியானபோது வீடு அரை மைல் தள்ளியிருந்தது. நாற்பதானபோது ஒரு மைல். பத்துக் கோடிக்கு அரை மைல் என்று விகிதம் பிசகாமல் போனது. குறுக்கே இருந்த சாலைகளையும், ஒரு பள்ளிக்கூடத்தின் பேஸ்பால் மைதானத்தையும் வீடு எப்படித் தாண்டியது என்று யாரும் பார்க்கவில்லை. லூசில் பறவை பார்ப்பதற்கென்று ஒரு தொலைநோக்கி வாங்கினாள். மாவட்ட வரித் துறை, நிலம் பெரிதாகிவிட்டது என்று வரியை உயர்த்தியது.

“முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கு அறுபது கோடி,” என்றார் வெர்லின் ஒரு வியாழக்கிழமை, வீடு இரண்டு மைல் போயிருந்தபோது. “ஆளுக்கு ஏரியப் பாத்த மாதிரி ஒரு வீடே வாங்கிக் குடுத்திடலாமே! என் வீட்டையும் நகத்தாம இருந்திருக்கலாம். நான் கேட்டது ஒரே ஒரு பழைய பஸ். சீட்டு கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல—”

இரண்டு நிமிடம் முடிந்த மணி அடித்தது.

“ரொம்ப நன்றி, திரு ஆஸ்கார்டு,” என்றார் வாரியத் தலைவர் அம்மாள், எப்போதும்போல. “உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிட்டோம்.”

வெர்லின் ஒருமுறைகூடப் பதிலுக்கு நன்றி சொன்னதில்லை. கொண்டுவந்து சேர்த்தவருக்குத்தான் நன்றி என்பது அவர் கொள்கை.

ஏரியைப் பார்த்த வீடு என்ற அந்த வாக்கியம் உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு வாரியம் பயந்தது. செலவை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு அமைத்து, பதினான்கு மாதத்துக்கு ஒரு டாலர்கூட உயர்த்துவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பதினான்கு மாதமும் வீடு அசையவில்லை. வெர்லின் ஒவ்வொரு காலையும் முன்வாசலில் இறங்கி, மேற்கே பக்கத்து மைல்கல்வரை சக்கரத்தை உருட்டி, மிச்சத்தைக் கணக்குப் போட்டு, அதே எண்ணைக் குறித்து, வெற்றி பெற்ற மனிதராகத் திரும்பி வந்து, தனியாகச் சூப்பைச் சூடாக்கிக் குடித்தார். சொல்லி மகிழ அருகில் யாரும் இல்லை. பள்ளத்தாக்கு மரங்களுக்கு நடுவில் அவர் விளக்கு மட்டும் எரிவதை லூசில் தொலைநோக்கியில் பார்த்து, “பாவம், ஆனா நிம்மதியா இருக்காரு போல” என்று தெருவுக்கு அறிவித்தாள்.

ஞாயிறு நான்கு மணிக்கு, இல்லத்தில் வேலை செய்த ஹிவோத் என்ற எத்தியோப்பியப் பெண் தொலைபேசியை மாக்சினின் காதில் வைப்பாள். ஒன்பதாவது மாதத்து ஞாயிறன்று, ஹிவோத்திடம் திருப்பிக் கொடுத்த தொலைபேசியில் மாக்சினின் குரல் தெளிவாகக் கேட்டது.

“யாரும்மா இது?”

“உங்க வீட்டுக்காரர், மாக்சின். வெர்லின்.”

“இல்லயே. யாரோ பஸ்ஸப் பத்திக் குறை சொல்றவரு. நல்ல மனுஷன்தான். பேசட்டும், பாவம்.”

வெர்லின் தொலைபேசியை வைத்தார். மறுநாள் காலை தூரத்தை அளந்தார். மாறவில்லை.

குழு அறிக்கை கொடுத்தது. தாமதத்தினால் செலவு கூடிவிட்டது என்று அறிக்கை சொன்னது. தாமதத்துக்குக் காரணம், செலவைக் குறைக்கச் சொன்ன பொதுமக்கள் என்றும் சொன்னது. புதன்கிழமை மதிப்பீடு எண்பது கோடியானது. வியாழக்கிழமை காலை வெர்லின் சக்கரத்துடன் முன்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பல வருடமாகத் திறக்காத சமையலறைப் பின்கதவை யாரோ தட்டினார்கள். மழைத் தொப்பியுடன் ஒரு பெண் நின்றாள். குரலைக் கேட்டதும் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்தது.

“சார், மன்னிச்சிக்கோங்க,” என்றாள் ஹிவோத். “உங்க வீடு எங்க வண்டி நிறுத்துற இடத்துல நிக்குது. மானேஜர் கேக்கச் சொன்னாரு, எவ்வளவு நேரம் நிக்கும்னு.”

அவள் தோளுக்குப் பின்னால் முதியோர் இல்லத்தின் வேலி இருந்தது, வேலிக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலில் மாக்சின். வெர்லினுக்கு அது யாரென்று அறியத் தெளிவான கண் தேவைப்படவில்லை. அவள் தலை சாயும் பக்கம் போதும். எட்டு வருடமாக அவர் முன்வாசலிலிருந்து மட்டுமே அளந்திருந்தார். நாற்பது வருடம் ஊரையே அளந்தவர், சக்கரத்தை ஒருமுறை திருப்பி, பின்பக்கம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தோன்றாமல் போனது தொழிலுக்கே அவமானம் என்று லூசில் பிற்பாடு சொன்னாள். அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. அந்தப் பதினான்கு மாதத்தை எவ்வளவு பாடுபட்டு வாங்கினார் என்பதும், அது இல்லாவிட்டால் எத்தனை ஞாயிறுகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருப்பார் என்பதும் வெர்லினுக்குத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மானேஜர் நல்லவர். மூன்று வண்டி நிற்கும் இடத்தை விட்டுக்கொடுத்து, வீட்டைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டுவிட்டார்.

நிலையம் திறந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை இன்னும் எதிர்பார்க்கிறார்கள். மாதத்தின் நான்காம் வியாழன் வெர்லின் இப்போதும் இரண்டு நிமிடம் பேசுகிறார். எண்பது கோடியும் தண்டம், முப்பத்தெட்டை மறுபடி ஓட்டுங்கள் என்கிறார். தலைவர் அம்மாள் நன்றி சொல்லிப் பதிவு செய்துகொள்கிறார். பழைய தெருவில் முள்பழம் நன்றாகக் காய்க்கிறது. லூசில் அதில் பலகாரம் செய்து தபாலில் அனுப்புகிறாள். மூன்று மைல்தான், நேரில் போகலாம், ஆனால் யாரும் கூப்பிடவில்லை.

தினமும் பத்து மணிக்கு, பேருந்தைப் பற்றிக் குறை சொல்பவர் வருவார் என்று மாக்சின் தலையை வாரிக்கொண்டு ஜன்னலில் காத்திருக்கிறாள். பெயர் திரும்பி வரவில்லை.

“எதுல வந்தீங்க?” என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்.

“முப்பத்தெட்டுல.”

“கூட்டமா?”

“இல்ல, நான் ஒருத்தன்தான்.”

அதற்கு முன், பின்கதவின் கடைசிப் படியில் இறங்கும்போது, அவர் ஒரு கணம் நின்று, தலையைத் திருப்பி, காலியான வீட்டைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வருகிறார். அந்தப் பக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போது எல்லோரும் சொல்வதுதான்.