மாமாவின் அறைக்கு வந்த கேபிள்

போன் கம்பெனியிலிருந்து சர்வே எடுக்க வந்த பெண் கடை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மாமாவின் அறையைத்தான் கை காட்டினாள்.

எங்களுடையது தண்ணீர் மோட்டார் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம். மாமா, அதாவது என் மாமனார், தொடங்கியது. இப்போது என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் நடத்துவதாக ஊர் சொல்கிறது. உண்மையில் யார் நடத்துகிறார்கள் என்பதை என் வாயால் சொல்லப் போவதில்லை. ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும், எடுத்து எழுத இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பழைய லைன் மழை தூறினாலே கரகரக்கும், பாதிப் பேச்சில் அறுந்துபோகும். மெக்கானிக்குகள் எத்தனை முறைதான் திரும்பக் கூப்பிடுவார்கள்? அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் ஃபைபர் கேபிள் இழுத்து, ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பேசுகிற மாதிரி புது இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்.

வந்தவள் கறாரான பெண். இணைப்புப் பெட்டியை மாட்ட ஈரமில்லாத சுவர் வேண்டும், அதில் பிளைவுட் பலகை அடித்திருக்க வேண்டும், தனிக் கரண்ட் லைனும் எர்த்தும் வேண்டும் என்றாள். தெருவிலிருந்து சுவர் வரை குழாய் பதித்து, அதற்குள் ஒரு கயிறும் விட்டு வைக்க வேண்டும். கேபிளை அந்தக் கயிற்றில் கட்டித்தான் உள்ளே இழுப்பார்களாம். சொன்ன நாளில் எல்லாம் தயாராக இல்லையென்றால் ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள், நாங்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

கிடங்கில் தூசி. மாடிப்படிக்கு அடியில் தண்ணீர்க் குழாய். கொழுந்தன் பெரிய புத்திசாலியாகக் குளியலறையின் வெளிச்சுவரைக் காட்டினான்.

"ஈரம் ஏறின சுவர்ல மாட்டினா பெட்டியும் சேர்ந்து குளிக்கும் சார்" என்றாள் அவள்.

மிச்சம் இருந்தது மாமாவின் அறைதான். தெருப் பக்கச் சுவர், பூட்டு, ஏசி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஆனால் அறை சின்னது. பெட்டி முன்னால் ஆள் நின்று வேலை பார்க்க வேண்டுமென்றால் மேசையும் நாற்காலியும் அலமாரியும் வெளியே போக வேண்டும். அவற்றோடு மாமாவும்.

அந்த அறைக்கு ஒரு கதை உண்டு. மாமா நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது, கடை இரைச்சல் அவருக்கு ஆகாது என்று நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்துக் கட்டியது அது. கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, மேசை மேல் ஒரு அழைப்பு மணி. கதவைத் தட்டாமல் ஒருவரும் உள்ளே போனதில்லை. டீ உள்ளே போகும், காலி தம்ளர் வெளியே வரும். சாயங்காலம் அவரே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அறை என்றால் மாமாவுக்கு உயிர் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். அந்த மனிதரிடம் போய், உங்கள் அறையை ஒரு பெட்டிக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? கடையை உண்டாக்கியவரையே கடையிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? மனம் உடைந்து வீட்டோடு முடங்கிவிட்டால் யார் பொறுப்பு?

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று வெளி வேலைகள் முளைத்தன. கொழுந்தனோ, அண்ணி சொன்னால் அப்பா தட்டவே மாட்டார் என்று சிரித்துக்கொண்டே பொறுப்பை என் தலையில் கட்டினான். கடையில் எல்லோரையும் அதட்டுகிறவள்தான் நான். இருந்தாலும் மாமாவின் முன்னால் போய் நின்றால் மட்டும் எனக்கு நாக்கு எழும்பாது. முதல் தடவை உள்ளே போய் மாத்திரை போட்டாரா என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை ஏசி சரியாகக் குளிர்கிறதா என்று விசாரித்தேன். அடுத்த தடவை ஒன்றுமே தோன்றாமல், துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன். அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தவர் எலக்ட்ரீஷியன். தெருவில் குழாய் பதித்துக் கயிறும் விட்டாயிற்று, அடுத்து எர்த் கம்பிக்குச் சுவரைக் கொத்த வேண்டும். நாளைக்கு வரச் சொன்ன மனிதர் இன்றைக்கே வந்து நின்றார். உளியும் சுத்தியலுமாக நேராகப் போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

"பெரியவரே, இந்த ரூம்தானே காலி பண்றாங்க? மேசையைக் கொஞ்சம் நகர்த்திக்கலாமா?"

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கொழுந்தன் பில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான். மாமா எங்கள் மூவரையும் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தார். எலக்ட்ரீஷியனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் வரை கதவு திறக்கவில்லை. டீ ஆறிப்போனது. யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள விட்டோமே, முன்பே நாலு வார்த்தை நேராகப் பேசியிருக்கக் கூடாதா என்று என் மேலேயே எனக்குக் கோபமாக வந்தது. புது லைனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு கதவுக்கு முன்னால் நடந்தார். தட்ட மட்டும் தைரியம் இல்லை.

ஒருவழியாகத் தாழ் விலகியது. எட்டிப் பார்த்தேன். அலமாரி காலி, மேசை காலி. எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார். சட்டையெல்லாம் தூசி. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கே உட்காரட்டும் என்று கேட்டார். மாடியில் இதைவிட நல்ல அறையாகக் கட்டித் தருகிறோம், பெரிய ஏசி போடுகிறோம் என்று நான் கடகடவென்று அடுக்கினேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. போன் ஆர்டர் எடுக்கும் பெண்கள் இருவருக்கும் நடுவே, தூண் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கேபிள் ஆட்கள் சொன்ன நாளில் வந்தார்கள். பலகை, எர்த், கயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை. தெருவில் ஒருவர் கேபிளைத் தள்ள, அறைக்குள் ஒருவர் கயிற்றை இழுக்க, அது வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் முதல் மணி அடித்தது. பெண்கள் எடுப்பதற்குள் மாமா எடுத்துவிட்டார். பழைய மெக்கானிக் ஒருவர் போலிருக்கிறது.

"உயிரோடதான்யா இருக்கேன். உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

கடையே சிரித்தது. அதற்கப்புறம் அவரிடமிருந்து போனைப் பிடுங்குவது பெரும்பாடாகிவிட்டது. யாருக்கு எந்த மோட்டார், யார் எந்த வாஷரை மறப்பார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் தன் புத்தியால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

சாயங்காலம் ஆட்கள் போன பிறகு மாமாவுக்கு டீ கொண்டுபோய் வைத்தேன். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. உங்கள் அறையைப் பிடுங்கிக்கொண்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா என்றேன். அவர் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அந்த ரூமைக் கட்டினப்போ, இனிமே இந்த ஆள் எதுலயும் தலையிட வேண்டாம்னுதான் கதவு போடுறீங்கன்னு நெனச்சேன்மா."

உங்கள் நிம்மதிக்காகத்தானே மாமா என்று, சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அது பிற்பாடு புரிந்துவிட்டது, அழாதே என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை, என்று கேட்டேன்.

"மூணு பேரும் ஆசை ஆசையாக் கட்டிக் கொடுத்தீங்க. முகத்துக்கு நேரா எப்படிம்மா சொல்றது?"