எழுபத்தொன்றில் இல்லாத கூட்ஸ் ஷெட்

என் அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை. பதினான்கு அடி மேஜை ஒன்றை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. பிளாட்பாரம், தண்ணீர்த் தொட்டி, கூட்ஸ் ஷெட், சிக்னல் கேபின் எல்லாம் விரல் உயரத்துக்குத்தான். வருஷம் எழுபத்தொன்று. அதற்குப் பிறகு உலகத்தில் வந்த எதுவும் அந்த மேஜையில் ஏறக்கூடாது. ஒருமுறை ஆசையாக ஒரு குட்டி நீல பிளாஸ்டிக் பக்கெட்டை வாங்கிக் குழாயடியில் வைத்தேன். "அந்த வருஷம் ஸ்டேஷன்ல தகர பக்கெட்தான்" என்று இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர் இவ்வளவு கண்டிப்புக் காட்டியதில்லை.

முப்பது வருஷம் பல்செட் செய்து பிழைத்தவர். கையில் நடுக்கம் கிடையாது, விட்டுக்கொடுக்கும் பழக்கமும் கிடையாது. தெருவில் அவருக்கு 'பொம்மை ரயில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். அது பொம்மை விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த கேபினில் வேலை பார்த்தவர் எங்கள் அப்பா. மெயின் லைனில் இரண்டு வேகன்கள் நின்றுகொண்டிருந்தபோது பாசஞ்சர் ரயில் வரலாம் என்று கைகாட்டி சிக்னலை இறக்கிவிட்டார். ஏழு பேர் செத்தார்கள். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் வேகன்கள் தெரிந்திருக்கும், அவர் பார்க்கவில்லை என்று எழுதி வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு அப்பா வாயே திறக்கவில்லையாம். அம்மா கடைசிவரை கேட்டுப் பார்த்தாள், அவளிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மில்லில் மூட்டை தூக்கினார். மூட்டை தூக்கியே போய்ச் சேர்ந்தார்.

"அவர் பார்த்திருப்பார். கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. நடுவுல கூட்ஸ் ஷெட் மறைச்சிருக்கும். சொன்னா எவன் நம்பப் போறான்னு விட்டுட்டார்" என்பது அண்ணனின் கட்சி. அதை நிரூபிக்கத்தான் ஒன்பது வருஷமாக இந்த மேஜை. பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை கேபின் ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் ஷெட் தெரியும், வேகன்கள் தெரியாது.

ஆனால் அந்த ஷெட்டை எப்போது இடித்தார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. விபத்தன்று அது இருந்ததற்கு ஒரே சாட்சி நான். அண்ணன் அப்போது வெளியூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறு வயது. கண்ணாமூச்சி விளையாட்டில் ஷெட்டுக்குள் ஒளிந்திருந்தேன். யாரோடு விளையாடினேன் என்று நினைவில்லை. நல்ல இருட்டு. எண்ணெய் வாசனை. மோதிய சத்தத்தில் தலைக்கு மேல் இரும்பு கடகடவென்று ஆடியது. இதை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். என் பேச்சை நம்பி அண்ணன் ஷெட்டுக்குத் தகரக் கூரை போட்டார், உள்ளே எண்ணெய் பீப்பாய்கள்கூட செய்து வைத்தார்.

ரயில்வேக்கு எழுதி எழுதி அண்ணனுக்குக் கை ஓய்ந்த பிறகு, ஒருவழியாக ஓர் அதிகாரி வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். வருவதாகச் சொன்னது ஒரு வியாழக்கிழமை. அவருக்குச் சரியென்று பட்டால் அப்பாவின் பைலில், வேகன்களைப் பார்க்க வழியில்லை என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அண்ணன் கேட்டது அந்த ஒரு வரிதான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை நான் போனபோது அண்ணன் ஒரு போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் கதவில் எத்தனை பலகை என்று உறுதி செய்வதற்காக, அந்தக் காலத்து எடைக் குமாஸ்தாவின் மகளிடம் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அவள் தபாலில் அனுப்பிய படம். கதவுக்கு முன்னால் குமாஸ்தா குடும்பம் விறைத்துக்கொண்டு நிற்கிறது. கதவுக்கு அப்பால், ஷெட் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்திவாரக் கல்லும் இரண்டு ஆடுகளும். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையில் தேதி. விபத்துக்கு இரண்டு மாதம் முந்தியது.

நான் அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தேன்.

"கிழிச்சுப் போடுண்ணா. வர்ற ஆளுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? நீ என்ன ரயில்வேயா?"

"ஒரு பக்கெட்டையே விட்டு வைக்காதவன் நான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பிளேடை எடுத்து ஷெட்டைச் சுற்றிப் பசையை அறுத்தார். கூரையோடும் பீப்பாய்களோடும் அது கையோடு வந்தது. பிறகு அந்தக் குட்டிக் கண்ணாடியை கேபின் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். இரண்டு வேகன்களும் சக்கரம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தன.

"அப்பா பார்க்கலை" என்றார் அண்ணன்.

அவர் ஷெட் இருந்த இடத்தைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, கதவுப் பலகையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"அப்போ நீ எங்க இருந்த?"

ஷெட் இல்லையென்றால் அந்த இருட்டு எங்கே? மேஜைக்குச் சமமாகக் குனிந்து ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வெளிச்சம். ஸ்டேஷன் அறையில் ஏது எண்ணெய்? கேபின் மட்டும் ஓர் ஆள் உயர அறைக்கு மேல் நின்றது. அந்தக் கீழறையின் கதவைக்கூட அண்ணன் விட்டுவைக்காமல் செய்திருந்தார். உள்ளே மேலிருந்து இறங்கும் நெம்புகோல்களின் இரும்புக் கம்பிகள், எண்ணெய்க் கறை, கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் அந்த இருட்டும் எண்ணெய் வாசனையும் நினைவில் திரும்பி வந்தன. "எங்க என் குட்டியக் காணோமே" என்று ஒரு குரல் படியிறங்கி வந்தது. அது அப்பாவின் குரல்.

கைகாட்டியை இறக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல், அவர் என்னைத் தேடிக்கொண்டு கீழே வந்திருக்கிறார்.

இதை மறைக்க எனக்குத் தெம்பில்லை. "கேபினுக்குக் கீழ இருந்தேன். அப்பாகூடத்தான் விளையாடிட்டு இருந்தேன். அவர் என்னைத் தேடிட்டு இருந்தார்."

அண்ணன் துணியை மடித்து வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"சார், வியாழக்கிழமை நீங்க வர வேண்டாம். ஜன்னல்ல இருந்து எல்லாம் தெரியுது. தப்பு எங்க அப்பா மேலதான்."

அந்தப் பக்கம் அந்த அதிகாரி ஏதோ கேட்டார். நல்ல மனிதர் போலிருக்கிறது, சட்டென்று வைக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"காரணமா? காரணம்னு ஒண்ணும் இல்லை சார். அவர் பார்க்கலை, அவ்வளவுதான்."