ஆறாவது ஆட்டக்காரன்

"அஞ்சு பேர் ஆச்சுப்பா. ஆறாவது யாரு?"

சத்யப்பிரியா அப்பாவின் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பெயர்களை விரலால் மெல்லத் தள்ளினாள். அய்யாக்கண்ணுவின் கண்கள் எழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு ஃபேனுக்குப் போய்விட்டன.

"அங்க புல்லு முரடு," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "பந்து உக்காராது. தாழ அடிக்கறவனாப் பாரு."

சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருடம் புல் வெட்டியவர் அவர். ஒருநாளும் மட்டையைத் தொட்டதில்லை. எந்தப் புல்லில் பந்து நிற்கும், எதில் ஓடும் என்று மிதித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். மீன்சுருட்டிக்குத் திரும்பிய பிறகும் அங்கே கூட இருந்த எட்டுப் பேரோடு சேர்ந்து போனில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். வாராவாரம் எங்கேயோ ஒரு பெரிய போட்டி நடக்கும். அதில் ஆடுகிறவர்களில் ஆறு பேரைப் பொறுக்கி டீம் போட வேண்டும். அவர்கள் ஆடுகிற ஆட்டம்தான் நமக்குப் புள்ளி. அங்கே முதல் பந்தை அடித்ததும் பட்டியல் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ஒருவர் டீமை இன்னொருவர் பார்க்க முடியும்; அதுவரை யார் போட்டாயிற்று என்று மட்டும் தெரியும்.

அந்த எட்டில் ஒருவன் அவருடைய மகன் திருமுருகன். அப்பா விட்டுவந்த வேலையை அதே மைதானத்தில் பார்க்கிறான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் லீவில் வந்து, அவன் திருமழபாடிப் பெண் சிவரஞ்சனியை அரியலூரில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். வேறு சாதி. அன்றைக்கு அய்யாக்கண்ணு போனில் சொன்னதை வீடு முழுக்கக் கேட்டது. "என் பொணத்துக்குக்கூட நீ வரக் கூடாது." அவனும், "நீ கூப்பிடாம வரமாட்டேன்," என்று வைத்துவிட்டான். பிறகு ஒரு வார்த்தை கிடையாது. டீம் மட்டும் வாரம் தவறாமல் இருவரும் போட்டார்கள். பூட்டியதும் அவர் முதலில் திறந்து பார்ப்பது மகனுடைய டீமைத்தான்.

அதில் எப்போதும் ஒரு இடதுகை ஆட்டக்காரன் இருப்பான். ஒருமுறை அந்த மைதானத்துக்கு ஆட வந்து, புல் வெட்டும் மெஷினில் உட்கார்ந்திருந்த திருமுருகனிடம் தானாக வந்து கைகொடுத்துவிட்டுப் போனவன். ஜெயித்தாலும் தோற்றாலும் அப்பாவும் மகனும் அவனை விட்டதில்லை. சண்டைக்குப் பிறகு அய்யாக்கண்ணு அவனைச் சேர்க்கவேயில்லை.

"இடதுகையனப் போடட்டுமாப்பா?" சத்யா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

பாயின்மேல் கிடந்த உள்ளங்கை பக்கவாட்டில் அசைந்தது. வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவன் போட்டுட்டானா?" என்றார்.

"போட்டுட்டான்பா. காலையிலயே."

அவர் தலையசைத்ததாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் ரெண்டும் நின்றுவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி அன்றைக்கு நான்காம் நாள். அம்மா உண்ணாமலை இளநீரைக் கரண்டியால் ஊட்ட வந்தாள். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கடைவாயில் வழிந்து கழுத்துக்கு வந்தது. துடைக்கப் போனவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

மணி ஒன்றேகால்.

தாடையைக் கட்டினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். சித்தப்பா பழனிவேல் தலையைத் தெற்கே திருப்பிக் கிடத்திவிட்டு, சத்யாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"அவன்கிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லு. செத்தத வழியில சொல்லப்படாது. தனியா வர்ற புள்ள."

அவள் கூப்பிட்டாள். மறுமுனையில் புல் வெட்டும் மெஷின் சத்தம் நின்றது.

"முருகா, அப்பாவுக்கு ரொம்ப முடியலடா. கெளம்பி வா."

"அவரு கூப்பிட்டாரா?"

"டேய்."

"என்னைக் கேட்டாராக்கா? அத மட்டும் சொல்லு. வாசல்ல நிக்க வச்சு, எவடா உன்னய வரச் சொன்னதுன்னு கேட்டாருன்னா, நான் தாங்கமாட்டேன். எனக்கும் மானம் ரோசம் இருக்குல்ல."

"நீ போட்டுட்டியான்னு கேட்டாரு."

"அது டீமு." அவன் சிரித்த மாதிரி இருந்தது. "அது வாரா வாரம் உங்கிட்டக் கேக்கறதுதான."

வைத்துவிட்டான். பின்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்ற சித்தப்பா வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"வரலன்னா உடு. காலையில எடுத்துருவோம். கொள்ளிய நான் வைக்கிறேன். ஊரு ரெண்டு நாள் பேசும், அப்பறம் அதுக்கும் வேற வேலை வந்துரும்."

"அவன் வராம எடுக்கக் கூடாது சித்தப்பா."

"ஒங்கொப்பனே வேணாம்னுட்டாரு. நீ என்னத்தக் கண்ட?"

நாலு மணிக்கு அப்பாவின் போன் அவள் கையில் அதிர்ந்தது. 'உங்கள் அணியில் ஐந்து பேர்தான். பூட்ட அரை மணி நேரம்.' முன்னறையில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்பாவைப் பாடினார்கள், கடல் தாண்டிப் போன மகனைப் பாடினார்கள். சத்யா பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பெயர்களைத் தள்ளினாள். தாழ அடிக்கிறவர்கள் யார் யாரென்று அவளுக்கு எங்கே தெரியும்? இடதுகையன் வந்தான். விரல் நின்றது. பக்கவாட்டில் அசைந்த அந்தக் கை கண்ணுக்குள் வந்தது. செத்தவர் வேண்டாம் என்றதைத்தானே செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை, பாவம்.

அழுத்தினாள். ஆறு பேர் ஆயிற்று.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முன்னறைக்கு வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நாலரை தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பெண்கள் ஒரு பாட்டை முடித்துத் தண்ணீருக்குக் கை நீட்டிய நேரத்தில் தம்பி அவளுடைய போனில் வந்தான்.

"அக்கா! பாத்தியா? அப்பா லெஃப்டியப் போட்டிருக்காரு!"

"ம்."

"அவரேவா? நீ ஒண்ணும் பண்ணலியே?"

கட்டியிருந்த அந்தத் தாடையைப் பார்த்தபடி அவள் சொன்னாள். "அவருதான்டா சொன்னாரு. நான் வெறும் விரலு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஒம்பதரைக்குத் திருச்சி ஃபிளைட் இருக்கு. புடிச்சிருவேன். டீம் போடற அளவுக்குத் தெளிவா இருக்காருன்னா பொழைச்சிருவாருக்கா. மனுசன் கல்லு மாதிரி." பிறகு குரல் மாறியது. "அப்பாகிட்டக் குடு."

"வந்து பேசிக்கலாமே."

"இல்லக்கா. மூணு வருசம். ஒரு வார்த்தை பேசிட்டுக் கெளம்பறேன். இல்லன்னா என்னால கால எடுத்து வைக்க முடியாது. குடு."

"அவரால பேச முடியாதுடா."

"அவரு பேச வேணாம். கேட்டாப் போதும்."

சத்யா நிமிர்ந்து பார்த்தாள். ஓய்ந்த அழுகை அடுத்த பாட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் விரலை உதட்டில் வைத்தாள். ஆண்டாயிக் கிழவி என்னவென்று கேட்க வாயெடுத்தாள். உண்ணாமலை கிழவியின் தொடையில் கைவைத்து அழுத்தினாள். மகள் கையில் இருப்பது யாருடைய குரல் என்று அந்தத் தாய்க்குப் புரிந்துவிட்டது. முந்தானையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். வரிசையாக ஒவ்வொருத்தியும் அடங்கினாள்.

அதே நேரத்தில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வாசல்படி ஏறினார்கள். "ஓரம் ஓரம்," என்று தொடங்கிய சித்தப்பா உள்ளே பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

சத்யா போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"அப்பா..." தகரத்தில் பேசுவதுபோல் மெலிந்த குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. "நான் முருகன்ப்பா. கேக்குதாப்பா? நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு வந்துருவேன். வர்ற வழியில திருமழபாடியில எறங்கி சிவரஞ்சனியக் கூட்டிக்கிட்டு வரட்டுமாப்பா? நீ வேணாம்னா அவ வெளியவே நிப்பா..."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். வாசல் நிலையில் முட்டாமல், கீழேயும் வைக்க முடியாமல், நாலு பேரும் பெட்டியைத் தாங்கியபடி அப்படியே நின்றார்கள். முன்னால் பிடித்திருந்தவனின் முழங்கை நடுங்கத் தொடங்கியது. பின்னால் நின்றவன் சத்தம் வராமல் ஒரு அடி நகர்ந்து, தன் தோளைக் கொடுத்தான்.