அழித்த பாதி

கரும்பலகையின் ஓரத்தில் கட்டம் கட்டி 'அழிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. பதினேழு வருடமாகக் கணிதத் துறையைக் கூட்டித் துடைக்கிறவன் நான். அந்தச் சொல்லை ஒருநாளும் மீறியதில்லை. அன்று காலை மட்டும் கை துறுதுறுத்தது.

பலகை முழுக்க இரண்டு பேர் எழுத்து. ஒன்று மணிமணியாக இருந்தது. மற்றது கோணல்மாணல், வண்டியைப் பிடிக்க ஓடுகிறவன் எழுதினது போல. ஒன்று புரொபசருடையது, இன்னொன்று அவரிடம் ஆராய்ச்சி செய்யும் என் மகளுடையது.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. என் வயசுதான். எதற்கெடுத்தாலும் சிரிப்பார், அப்படிச் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. மகள் வீட்டில் என்னிடம் பேசுவது "சாப்டீங்களாப்பா"வோடு சரி. அவரோடு ஃபோனில் ஒரு மணி நேரம். அப்படி என்னதான் பேச்சு என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கணக்குல வளையம்னு ஒண்ணுப்பா. அதுக்குள்ள ஐடியல்னு ஒண்ணு, அதுக்குள்ள இன்னும் சின்னதா ஒண்ணு. எங்களோடது ஆர்ட்டினியன் வளையம். எப்படி இறங்கினாலும் ஒரு எடத்துல நின்னே ஆகணும். எத்தனை படின்னு எண்ணுறோம்."

"எண்ணி?"

"உள்ள எப்படிக் கட்டியிருக்குன்னு தெரியும்."

"எண்ணுறதுக்கு ரெண்டு பேரா?"

சிரித்துக்கொண்டே ஃபோனோடு மாடிக்குப் போய்விட்டாள்.

கோணல் பாதியை ஈரத்துணியால் துடைத்தெறிந்தேன். மணியெழுத்தைத் தொடவில்லை. மகளின் பள்ளிக்கூட நோட்டில் நான் பார்த்த எழுத்தல்லவா?

ஒன்பது மணிக்கு இருவரும் வந்தார்கள். புரொபசர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே, சரியானது போயி என் தப்பு நிக்குதே! நான் நாலு படின்னு போட்டேன். நடுவுல இன்னொண்ணு இருக்கு, அஞ்சுன்னு காட்டினது இவதான். நேத்து சாயந்தரம் பூரா எழுதினா. ஃபோட்டோ எடுத்தியாம்மா?"

"இல்ல சார்."

அவள் என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"நீங்களாப்பா?"

"அவரு எழுத்துன்னு நெனச்சேன்."

பொய்யே சொல்லியிருக்கலாம்.

"என் எழுத்து மாறி எத்தனையோ வருஷமாச்சுப்பா."

சாக்பீஸை எடுத்து எழுதத் தொடங்கினாள், சாய்த்துச் சாய்த்து, பலகையைக் குத்துவது போல. பாதி வழியில் கை நின்றது. புரொபசர் வாயைத் திறந்தார். திரும்பிப் பார்க்காமலே இடது கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். நான் ஓரடி எடுத்து வைத்தேன். அந்தக் கை இறங்கவில்லை. சாக்பீஸ் ஒரே இடத்தில் அழுந்தி, தூள் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது.