எண்பத்து நான்கு கதவுகள்

மிச்சக்காரி என்ற பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. சோப்பு தேய்ந்து காகிதமாகிப் போனாலும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பாள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழிப்பாள். அப்படிப்பட்டவளை விமானக் கதவு செய்யும் தொழிற்சாலையில் ஒரு மெஷின் பக்கத்தில் நிறுத்தி, வருகிற கார்பன் நாரில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குப்பைக்குப் போவதை வேடிக்கை பார் என்றால் வயிறு எரியாதா?

மெஷின் கெட்டிக்காரக் கழுதை. நார் டேப்பை வரிவரியாக அச்சின் மேல் ஒட்டிக்கொண்டே போகும். ஆனால் நாலு விரற்கடைக்குக் குறைந்த துண்டை ஒட்ட அதற்கு வராது. மூலை வந்தால் ஓரத்தைத் தாண்டி நீட்டிவிடும்; நீட்டியதையெல்லாம் பிறகு வெட்டி எறிய வேண்டும். மூலை சிக்கனமாக வர வேண்டுமென்றால் கதவு கைவேலைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே பன்னிரண்டு பெண்கள். அதில் ஒருத்தி இவளுடைய அக்கா. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, தினம் ஒரு சண்டை.

"கழிவு பத்துக்குக் கீழ வந்துச்சுன்னா உங்கள நிரந்தரம் பண்ணிடறேன்" என்று மேனேஜர் ஒரு நாள் சொல்லிவைத்தார். அன்றே மிச்சக்காரி மெஷினை ஓரத்துக்கு முன்னாலேயே நிற்கும்படி மாற்றினாள். மூலைகள் மொட்டையாக நின்றன. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் குப்பைத் தொட்டியில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, கத்தரித்து, மூலைகளில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஆறு வருடம் அதே கைவேலைக் கூடத்தில் இருந்தவள்தானே, கை மறக்கவில்லை. கழிவு ஆறுக்கு இறங்கியது. மேனேஜர் கைதட்டினார், மெஷினுக்கு.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, புலிவாலைப் பிடித்துவிட்டாள் என்று. ஒரு நாள் லீவு போட்டாலும் ஆறு மறுபடி பத்தொன்பதாகிவிடும். காய்ச்சலோடு வந்தாள். பல்வலியோடு வந்தாள். சொந்தக்காரர் சாவுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் ஓடி வந்தாள். கூண்டுக்குள் யாரும் அவளைத் தள்ளவில்லை. தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது?

மூன்றாம் மாதம் கைவேலைக் கூடத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூலைகளையும் இனி மெஷினே பார்த்துக்கொள்கிறது, ஆகவே மாதக் கடைசியில் கூடம் மூடப்படும்.

அன்று மாலை அக்கா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "அதுக்கு மூலை வராதேடி. திடீர்னு எப்படி வந்துச்சு?"

"புதுசா என்னமோ மாத்திருக்காங்க" என்று மிச்சக்காரி தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்று உண்மையைக் கொட்டினாள். அவர் பதறவே இல்லை.

"தெரியும். கேமரா எதுக்கு இருக்கு?"

"அப்போ கூடத்த மூட வேண்டாம்னு சொல்லுங்க சார்."

"சொல்லலாம். ஆனா இது விமானக் கதவு. ரெக்கார்டுல எழுதாத கை பட்டா எவ்வளவு நல்லா இருந்தாலும் வெட்டிப் போடணும். நீங்க எதையும் எழுதல. மொத்தம் எண்பத்தி நாலு கதவு, இன்னும் ஒண்ணுகூட வெளிய போகல. வாயத் திறந்தா அத்தனையும் குப்பை. உங்களால முடியுமா?" ஆளைத் தெரிந்துதான் கேட்டார். "அடுத்த மாசம் இன்னும் மூணு மெஷின் வருது. ஒத்த ஆளா சமாளிக்க முடியாது. உங்க அக்காவ துப்புரவு வேலைக்கு எடுத்துக்கறேன். சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேருமா பாத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் வயித்துல அடிச்சது மெஷின்னு நெனச்சிருந்தேன்."

"உனக்கு வேலை போகாதுக்கா. சார் சொல்லிட்டாரு."

"மத்த பதினோரு பேருக்கு? கையில துடைப்பத்த வச்சுக்கிட்டு திருட்டுத்தனமா மூலை ஒட்டச் சொல்றியா? உன் பொந்துக்குள்ள என்னையும் இழுக்காத."

அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் பேச ஆளில்லாமல் போவது எப்படியிருக்கும் என்று மிச்சக்காரிக்கு அப்போதுதான் புரிந்தது. பயமாக இருந்தது.

காலையில் அவள் மெஷின் பக்கம் போகவில்லை. தரம் பார்க்கும் அம்மாவின் மேசைக்கு நேராகப் போய், ஒரு தாள் கேட்டு வாங்கி, எண்பத்து நான்கு கதவுகளின் எண்களையும் வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றும் மனப்பாடம். அத்தனையும் நல்ல கதவுகள், ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. கடைசியில், 'மூலைகள் கையால் ஒட்டப்பட்டவை, ஒட்டியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. கூடத்தை மூடுவது தள்ளிவைக்கப்பட்டது, ரத்து என்று யாரும் சொல்லவில்லை. மேனேஜர் விசாரணைக்குப் போனார். மிச்சக்காரிக்கு அதுதான் கடைசி வாரம். அதற்குள், கழித்த கதவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி, அவளே நின்று ஒவ்வொன்றாக வெட்டித் துண்டாக்கிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

முதல் கதவை ரம்பத்தின் முன்னால் வைத்தாள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. பொத்தானை அழுத்த மனசு வரவில்லை. ஒரு விரற்கடைத் துண்டைக்கூட எறியத் தெரியாதவள் குழந்தை மாதிரி அழுதாள். பின்னால் யாரோ வந்து கதவின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா. அந்த இரவிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

கதவைத் திருப்பி மூலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டிருக்க" என்றாள். "அழுதது போதும். ஒழுங்காப் பிடி, கோணலாப் போகுது."

ரம்பம் ஓடியது. இன்னும் எண்பத்து மூன்று இருந்தன.