யூரிடிஸியும் துவைக்காத சட்டையும்

என் நாத்தனார் அந்தச் சட்டையைக் கேட்டு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை முகத்தில் அடித்துச் சாத்தியிருப்பேன். அதற்குள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"நான் தொடக்கூட மாட்டேன் அண்ணி. நீங்களே மோந்து பாத்துட்டு எனக்குச் சொன்னா போதும்."

"உங்கண்ணன் போனப்புறம் இந்த வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதுலயும் பங்கு கேட்டு வந்துட்டியா?"

அவள் நேராகச் சமையலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மாடியில் குடியிருப்பவள், எங்கே விரட்டினாலும் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நிற்பாள்.

அது கட்டம் போட்ட சாம்பல் நிறச் சட்டை. என் கணவர் பேருந்தில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். கடைசி நிறுத்தத்தில், ஆள் தூங்குகிறார் என்று நினைத்து ஓட்டுநர் தோளைத் தட்டியிருக்கிறார். அதற்கு முந்தின நாள் போட்டிருந்த சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. நான்தான் துவைக்கப் போடாமல் விட்டிருந்தேன். என் சோம்பேறித்தனத்தால் நான் அடைந்த ஒரே லாபம் அதுதான். அதைக் காற்றுப் புகாத ஜிப் பைக்குள் மடித்து வைத்து, அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். முடியாமல் போகிற நாட்களில் ஒரு விரல் அளவுக்குத் திறந்து, மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூடிவிடுவேன். இஸ்திரிச் சூடு, பென்சில் சீவல், சாயங்கால வேர்வை, காலர் பக்கம் மட்டும் பாலேடு மாதிரி ஏதோ ஒன்று. திறக்கத் திறக்கக் குறையும் என்று தெரியும். அதனால் பட்டினி கிடப்பதுபோல் அடக்கிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் சென்ட் செய்கிறவள். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. தெருமுனைக் கட்டடத்தின் நிலவறையில் ஓர் அறை, பழுப்புக் குப்பிகள், ஒரு துளியைக்கூட நிறுத்துக் காட்டுகிற தராசு, அவ்வளவுதான். அவள் செய்கிற எல்லாமே கிரேக்கக் கதைகள். அது என் கணவர் செய்த வேலை. பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பவர், சாயங்காலமானால் தங்கையின் சென்ட்டுக்கு உட்கார்ந்து கதை பிடிப்பார். துரத்துகிறவனிடமிருந்து தப்பிக்க மரமாகிப் போன பெண்ணுக்கு, கசக்கிய இலையின் வாசனை. இறகை மெழுகால் ஒட்டிக்கொண்டு சூரியன் பக்கத்தில் பறந்து, கடலில் விழுந்த பையனுக்கு, உருகிய மெழுகும் உப்புத் தண்ணீரும். "மெழுகு வாசனைய யாராவது வாங்கிப் பூசிக்குவாங்களா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாங்கினார்கள். இதற்கென்றே ஒரு கிறுக்குக் கூட்டம் உலகத்தில் இருக்கிறது.

கடைசியாகப் பிடித்த கதை யூரிடிஸி. ஒரு பாட்டுக்காரனின் மனைவி அவள், பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். அவன் பாதாளத்துக்கே போய்ப் பாடி, அவளைத் திருப்பிக் கேட்டு வாங்குகிறான். ஒரே ஒரு நிபந்தனை: அவள் பின்னால் வருவாள், மேலே போய்ச் சேரும்வரை இவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசிப் படியில் திரும்பிவிட்டான். அவளும் போய்விட்டாள்.

இதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன என் கணவர், "மடப்பய," என்றார். "திரும்பித்தான் பாக்கக் கூடாதுன்னாங்க. மோந்து பாக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? பொண்டாட்டி வாசனை பின்னாலயே வந்துக்கிட்டிருந்தா எதுக்குத் திரும்பணும்?" பிறகு தங்கையைப் பார்த்து, "இதுக்குப் பூ கீ எதையும் போட்டுடாத. பின்னால வர்ற ஆளோட வாசனை வேணும்," என்றார். எந்த ஆள் என்று முடிவு பண்ணுவதற்குள் அவர் போய்விட்டார்.

"அண்ணனோட வாசனையையே பண்ணிடறேன்," என்றாள் நாத்தனார், முக்காலியில் உட்கார்ந்தபடி.

"பண்ணேன். உனக்கில்லாத மூக்கா? என்னை எதுக்கு இழுக்கற?"

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு அவன் வாசனை தெரியாது அண்ணி. பொறந்ததுலேர்ந்து கூடவே இருந்தவன். அவங்கவங்க வீட்டு வாசனை அவங்கவங்களுக்குத் தெரியாதில்ல, அந்த மாதிரி. ரோட்டுல போற ஆளப் பத்தியெல்லாம் சொல்லுவேன். அண்ணன் மட்டும் என் மூக்குக்கு வெறும் காத்து."

எனக்கு அழுகை வந்தது. கோபமாக இருக்கும்போது அழுகை வந்தால் கோபம் இன்னும் ஏறும். எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். 'முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா, இது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்பதுதான் என் பிழைப்பு. இப்போது அதையே நாத்தனார் என்னைக் கேட்டாள். சென்ட்டில் தோய்த்த மெல்லிய காகிதப் பட்டைகளைக் கொண்டுவருவாள். நான் பையை ஒரு விரல் அளவு திறந்து சட்டையை மோந்துவிட்டு, பட்டையை மோந்து பார்ப்பேன்.

"இவரு இப்பத்தான் குளிச்சுட்டு வந்திருக்காரு. ஆபீஸ் போயிட்டு வரட்டும்."

அவள் கலந்துகொண்டு மறுபடி வருவாள்.

"இது யாரோ பணக்காரன். இவனோட எல்லாம் எனக்குக் குடும்பம் நடத்த முடியாது."

அவர் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். சிரிக்கச் சிரிக்கச் சட்டை இளைத்துக்கொண்டே வந்தது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் மதியம் போன் செய்தாள். "சட்டைய எடுத்துக்கிட்டு இங்க வாங்க அண்ணி. வந்துட்டான்னு நெனைக்கிறேன்."

நிலவறைப் படிகளில் பாதி இறங்கியபோதே என் கால் நின்றுவிட்டது. அவர் வாசனை. அறை முழுக்க, படிவரைக்கும். 'எப்ப வந்தீங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.

மேசைமேல் ஒரு பட்டை இருந்தது. பையைத் திறந்து சட்டையை மோந்தேன், பட்டையை மோந்தேன். "வேர்வை மட்டும் கொஞ்சம் கம்மி. மத்தபடி அவரேதான்," என்றேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நான் அழுததைப் பார்த்ததும் அவளுக்கு என்ன ஆயிற்றோ, தொடக்கூட மாட்டேன் என்றவள், என் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் சுருட்டி அதில் முகத்தைப் புதைத்தாள். கழுத்தில் தேய்த்தாள், மார்போடு அணைத்தாள், மறுபடி முகத்தைப் புதைத்தாள். எனக்குத் தடுக்க மனம் வரவில்லை. அவளுக்கும் அண்ணன்தானே.

"ஒண்ணுமே தெரியலயே அண்ணி," என்றாள் சட்டைக்குள்ளிருந்து. "எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குறான்."

சட்டையைத் திருப்பி வாங்கி நானும் ஒரு மூச்சு இழுத்தேன். கும்மென்று வந்தது. அத்தனை மாதமாக அவ்வளவு வாசனை அதில் இருந்ததே இல்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது, அதை என்னவென்று சொல்ல. அப்புறம் அக்குள் பக்கம் மோந்து பார்த்தேன். வேர்வை இல்லை. சட்டைப் பையில் பென்சில் வாசனை தனியாக இல்லை. காலரில் பாலேட்டைத் தேடினேன். மேசைமேல் இருந்த பட்டை எப்படியோ, சட்டையும் அப்படியே இருந்தது.

"உன் கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"மோந்து பாரு."

அவள் இரண்டு உள்ளங்கையையும் மூக்கருகே கொண்டுபோனாள். மணிக்கட்டை மோந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணி," என்றாள், சத்தியமாக. சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. தோலில் எப்படி நிற்கிறது என்று பார்க்க, வாரக்கணக்காகக் காலையில் எழுந்ததும் அதைக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டிருக்கிறாள். மூக்கு மரத்துப்போய்விட்டது. அறையில் வீசியதும் பட்டை இல்லை, அவள்தான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரே ஒரு தடவ அவனை மோந்து பாத்துடணும்னுதான் அண்ணி..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளை அடித்திருப்பேன். கை ஓங்கவும் ஓங்கினேன். "பாவி, எனக்கு இருந்தது அது ஒண்ணுதானே," என்று மட்டும் வந்தது. சட்டையைப் பைக்குள் திணித்தேன். பூட்டி வைக்க அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும், ஜிப்பை இரண்டு தடவை அழுத்தி மூடினேன்.

"எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்," என்றேன். அறைச் சாவியை அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். விளக்கை அணைத்துவிட்டு என் பின்னால் வந்தாள்.

நான் முன்னால் படியேறினேன். பின்னாலிருந்து அவர் வந்தார்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. இது அவன் மாதிரிதான இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. வைத்துப் பார்க்க இனி எதுவும் இல்லை.

"பேசாத," என்றேன், திரும்பாமல். "பேசாம பின்னாலயே வா."

அவள் புரிந்துகொண்டாள். இரண்டு படிக்குப் பிறகு செருப்புச் சத்தமும் நின்றுவிட்டது. வாசனை மட்டும் என் தோளுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. முட்டி வலிக்கிறவள்போல ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன். எவ்வளவு மெதுவாக ஏறினாலும் படிகள் தீர்ந்துதான் போயின. மேலே தெரு வெயிலாக இருந்தது.

அந்தக் கதவை வெளியே நின்றுதான் பூட்ட வேண்டும். சாவி என் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் தெருவில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் பூட்டுவதற்காகத் திரும்பினேன்.

நாத்தனார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள்.

"நான்தான் அண்ணி," என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.