எருமை மேல் நின்ற வெளிச்சம்

1985ஆம் ஆண்டு மாசி மாதம், உத்திரமேரூரில் சிட்டம்மாளின் எருமை மேல் விழுந்த வெளிச்சம் அப்படியே நின்றுவிட்டது. உச்சிவெயிலில் கூடவில்லை, பொழுது சாய்ந்தும் குறையவில்லை. அதே வாரம் புண்ணாக்கு விலை ஏறியதால் ஊர் அந்த விலையைப் பற்றித்தான் பேசியது.

எல்லாம் பக்கத்து வீட்டு தாமோதரன் செய்த வேலை. கல்யாணங்களுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன், சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய வீடியோ கேமரா ஒன்றை வாங்கியிருந்தான். பங்குனியில் அவன் தங்கை சுலோச்சனாவுக்குக் கோயில் மண்டபத்தில், விடியும் முன்னே முகூர்த்தம். அம்மா செல்லம்மாளோ இடுப்பெலும்பு முறிந்து வாலாஜாபாத் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தேதியைத் தள்ளக் கூடாதென்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். மகளுக்குத் தாலி ஏறுவதை அவள் பார்க்க அந்தக் கேமராவை விட்டால் வழியில்லை. அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஃபிலிம் டப்பா என்றால் ஏஎஸ்ஏ நம்பர் அச்சடித்திருக்கும். எண் பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும். இந்தச் சனியன் மேல் கம்பெனி பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை.

கண்டுபிடிக்க வழி உண்டு. சாம்பல் நிறப் பொருள் ஒன்றைப் பார்த்து, படம் வெளிறாமலும் இருளாமலும் தெரியும்வரை எண் போட்ட லென்ஸ் வளையத்தைத் திருக வேண்டும். பிறகு அங்கேயே வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டரைப் பிடித்து, அதுவும் அதே லென்ஸ் எண்ணைக் காட்டும்வரை அதன் ஏஎஸ்ஏ சக்கரத்தைத் திருப்பினால், நிற்கிற எண்தான் கேமராவின் எண். அதற்கென்று விற்கும் சாம்பல் அட்டை மெட்ராஸில்தான் கிடைக்கும். எதிரே சிட்டம்மாளின் எருமை சாம்பலாக நின்றது. புத்திசாலி அதையே பிடித்துக்கொண்டான். காலையில் இருநூறு வந்தது, மாலையில் ஐம்பது. பேட்டரியைத் திட்டினான், லென்ஸைத் துடைத்தான், சோறு இறங்காமல் அலைந்தான். எருமை தினமும் ஏரியில் இறங்கிக் கருப்பாக வருவதும் காய்ந்து வெளுப்பதும் வெகு தாமதமாகத்தான் மண்டையில் ஏறியது.

“மாட்ட ஏரில எறக்காதக்கா,” என்று கெஞ்சினான்.

“எருமை தண்ணில எறங்காம இன்னா பண்ணும்? உன் மெஷினால ஒரே பேஜாரா கீது,” என்றாள் சிட்டம்மாள். ஆனாலும் செல்லம்மாளை நினைத்துக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டாள்.

அதன் பிறகு தாமோதரன் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எருமையின் விலாவில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் நின்றது அப்போதுதான். கொட்டகை இருட்டினாலும் எருமையும் அதைச் சுற்றிக் கையெட்டும் தூரமும் பிற்பகல் மூன்று மணியாகவே இருந்தன. எண்ணும் நூறு என்று நின்றது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நூறு சொன்னது ஒன்றுதான்: மண்டபத்து விளக்கில் படம் விழாது. மண்டபத்தில் பெரிய லைட் போட்டுப் பார்த்தபோது ஃபியூஸ் எரிந்தது. தாமோதரன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். கடைசியில் மாப்பிள்ளை ஊரான கூரத்துக்குப் போய், எருமை பக்கத்தில் தாலி கட்டலாமா என்று அவன் அப்பா கிருஷ்ணசாமியைக் கேட்டான்.

“இன்னாப்பா, எம்புள்ள கல்யாணம் மாட்டுக் கொட்டாயிலயா?” அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சுலோச்சனா வெட்கத்தை விட்டுச் சொல்லியனுப்பினாள்: “எங்கம்மா பாக்காத தாலி எனுக்கு வாணாம்.” கிருஷ்ணசாமி உதறிய துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு சம்மதித்தார்.

எருமையின் விலாவை ஒட்டி மணை போட்டார்கள். விடியாத இருட்டிலிருந்து மாப்பிள்ளை அந்த வெளிச்சத்துக்குள் கை நீட்டித் தாலி கட்டினான். எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. பொழுது விடிந்ததும் சிட்டம்மாள் அதை ஏரிக்கு ஓட்டிப் போனாள்; அது கருப்பாகத் திரும்பி, அன்றிரவு எல்லா எருமைகளையும் போல இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

ஆஸ்பத்திரிக்கு வாடகை டிவியும் கேசட் ஓட்டும் டெக்கும் போயின. செல்லம்மாள் மூன்று முடிச்சையும் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மணப்பெண்ணின் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் இடம் காலியாக விட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. “எனுக்கா வுட்டு வெச்சிருக்கீங்க?” என்று தேம்பியபடி கையை நீட்டித் திரையைத் தொட்டாள். டிவியை அணைத்த பிறகும் அவள் கட்டிலைச் சுற்றிப் பிற்பகல் மூன்று மணியாகவே இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் நர்சுகள் மற்ற நோயாளிகளை அங்கே கூட்டி வந்து ஊசி போட்டார்கள்.